நிறுத்தும் விளக்கும் நடக்கும் உரிமையும்

(கல்விக் கழக வெள்ளிவிழாக் கூட்டத்தில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



'கல்வியும் தொண்டும்' என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். அது கடல் போன்ற தலைப்பு. ஆகவே கரையோரம் நின்று, நானும் எம் பள்ளி மாணவர்களும் இக்கழகத்து இளைஞர் சிலரும் சேர்ந்து செய்த ஒரு சிறு வேலையை மட்டும் எடுத்துரைக்க விரும்புகிறேன். பழைய இரும்புக் கடையில் கிடந்த ஒரு போக்குவரத்து சிக்னல் விளக்கை வாங்கி வந்து, பழுது நீக்கி, எங்கள் பள்ளி மைதானத்தில் நட்டோம். செய்தது இவ்வளவுதான். ஆயினும் அந்த வேலை எனக்குக் கற்பித்த பாடம், முப்பது ஆண்டுகள் நான் பிறருக்குக் கற்பித்த பாடங்களுக்குக் குறைந்ததன்று.

எங்கள் பள்ளி இருக்கும் இடத்தை முதலில் சொல்லவேண்டும். ஊர் மேற்கே இருக்கிறது. நம் குடியிருப்பு கிழக்கே இருக்கிறது. பண்டு நம் முன்னோரை ஊருக்கு வெளியே ஒதுக்கி வைத்தபோது இடையில் விடப்பட்ட வெற்றுநிலத்தின் வழியாகவே பிற்காலத்தில் நெடுஞ்சாலை போடப்பட்டது. பள்ளி ஊர்ப்பக்கம் அமைந்துவிட்டது. ஊர்ப் பிள்ளைகள் சாலையில் கால் வைக்காமலே வகுப்புக்கு வந்துவிடுவர். நம் பிள்ளைகளோ நாள்தோறும் இருமுறை, லாரியும் பேருந்தும் விரைந்தோடும் அந்தச் சாலையைக் கடந்தாகவேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, காலை மணியோசை கேட்டு ஓடி வந்தவள், இருசக்கர வண்டி மோதிக் கால் முறிந்தாள். உயிர் பிழைத்தாள். ஆயினும் ஓராண்டுப் படிப்பு வீணாயிற்று. நேரம் கழித்து வருவோரை வாயிலுக்கு வெளியே நிறுத்தும் வழக்கம் அப்போது எங்கள் பள்ளியில் இருந்தது. அவ்வழக்கத்தைக் கொண்டுவந்தவன் நானே. அவள் ஓடியது எதற்காக என்பதை எண்ணும்போதெல்லாம் இன்றும் என் நெஞ்சு சுடுகிறது.

அத்துடன் முடியவில்லை. அடுத்த கல்வியாண்டில் அவள் தெருவிலிருந்து முதல் வகுப்பில் சேரவேண்டிய சிறுவர் சிலர் சேரவில்லை. வீடு வீடாகச் சென்று கேட்டேன். "ரோட்டைத் தாண்டி அனுப்பப் பயமாக இருக்கிறது ஐயா, இன்னும் ஒரு வருஷம் போகட்டும்" என்றார்கள் தாய்மார்கள். அவர்களை எப்படிக் குறை கூறுவேன்? ஒரு சாலை, ஒரு சொல்லும் சொல்லாமல், பிள்ளைகளின் படிப்பை நிறுத்திக்கொண்டிருந்தது.

வாயிலில் நிறுத்தும் வழக்கத்தை மறுநாளே கைவிட்டேன். உரிய அலுவலகத்திற்கு விண்ணப்பம் எழுதினோம். 'ஆவன செய்யப்படும்' என்று மறுமொழி வந்தது. அந்தச் சொற்றொடரை நீங்களும் நன்கு அறிவீர்கள்.

இதற்கிடையில் பிள்ளைகளைக் கல்விச் சுற்றுலாவாக நகரத்திற்கு அழைத்துச் சென்றோம். ஒரு நாற்சந்தியில் பச்சை விளக்கு எரிந்தது. "பச்சை வந்துவிட்டது" என்று கூவிக்கொண்டு நம் பிள்ளைகள் சாலையில் இறங்கிவிட்டார்கள். அந்தப் பச்சை வண்டிகளுக்கு உரியது, நடப்போருக்கு உரியதன்று. நல்லவேளையாக ஆசிரியை ஒருவர் கைகளை விரித்து மறித்துவிட்டார். பாடநூலில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று வட்டங்களுக்கு வண்ணம் தீட்டிய பிள்ளைகள்தாம் அவர்கள். வண்ணம் தீட்டத் தெரிந்தது. யாருக்கு உரிய விளக்கு என்று படிக்கத் தெரியவில்லை. அன்றே முடிவு செய்தேன்: உண்மையான விளக்கு ஒன்றின் முன் நின்றுதான் இதைக் கற்பிக்கவேண்டும்.

தேடிப் போனபோது பழைய இரும்புக் கடையொன்றில் அது கிடைத்தது. எல்.இ.டி. விளக்குகள் வந்தபின் கழற்றி ஏலம் விடப்பட்ட பொருள். மும்மூன்று விளக்குகள் கொண்ட இரண்டு முகங்கள். ஓர் இரும்புக் கம்பம். துருவேறிய ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. கடைக்காரர் எடைபோட்டு விலை சொன்னார். பள்ளிக்கு என்றதும் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். பொதுச்சொத்து எதையும் இரசீது இல்லாமல் தொடாதீர்கள் என்று இளைஞர்களுக்குச் சொல்லிவைக்கிறேன். நாங்கள் இரசீது பெற்றே எடுத்து வந்தோம்.

நான் வரலாறு படித்த பி.ஏ.; மின்சாரம் அறியாதவன். நம் கழகத்து மாலை வகுப்பில் படித்து, பின் ஐ.டி.ஐ. முடித்த இளைஞர் இருவர் முன்வந்தனர். ஓய்வுபெற்ற மின்பணியாளர் ஒருவர் வழிகாட்டினார். ஞாயிறுதோறும் அவர்கள் வேலை செய்ய, நான் திருப்புளி எடுத்துக் கொடுக்கும் எடுபிடியாக இருந்தேன். தலைமையாசிரியர் எடுபிடியாக நிற்பதைக் கண்டு மாணவர்களுக்கு ஒரே மகிழ்ச்சி!

பழைய வண்ணப்பூச்சில் ஈயம் கலந்திருக்கக்கூடும். உலர்ந்த நிலையில் சுரண்டினால் தூள் பறந்து நுரையீரலுக்குள் போகும். ஆகவே நீர் தெளித்து, முகத்தை மூடிக்கொண்டு பெரியவர்களே சுரண்டினோம், சிறுவர்களை அண்டவிடவில்லை. கண்ணாடிகளைச் சோப்பு நீரில் கழுவியபோது அவற்றின் உட்புறம் சிறுசிறு பட்டைகளாக வார்க்கப்பட்டிருப்பது தெரிந்தது. விளக்கின் ஒளியை ஓட்டுநரின் கண்ணை நோக்கித் திருப்பி அனுப்புவதற்காக அவ்வாறு செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு விளக்கின் மேலும் தொப்பி போன்ற தகடு இருக்கிறது. மழைக்கு என்றே நான் நினைத்திருந்தேன். மாலை வெயில் நேரே விழும்போது அணைந்த விளக்கும் எரிவதுபோல் தோன்றுமாம். அந்தப் பொய்யொளியைத் தடுப்பதே தொப்பியின் முதல் வேலை என்று மின்பணியாளர் விளக்கினார். சிவப்பு எப்போதும் மேலே, பச்சை கீழே. நிறம் பிரித்தறிய இயலாத கண்ணுடையோரும் இடத்தைக் கொண்டு அறிந்துகொள்வர்.

கட்டுப்பாட்டுப் பெட்டிதான் வியப்புக்குரியது. அதில் கணிப்பொறி இல்லை. ஒரு சிறு மின்மோட்டார் ஒரு தண்டை மெல்லச் சுழற்றும். தண்டில் வட்டத் தகடுகள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு தகட்டின் விளிம்பிலும் மேடும் பள்ளமும் உண்டு. மேடு வரும்போது தொடுமுனைகள் சேர்ந்து விளக்கு எரியும். பள்ளம் வரும்போது பிரிந்து அணையும். தண்டு ஒருமுறை சுற்றி வந்தால் விளக்குகளின் ஒரு சுற்று முடியும். பொடியாகிப் போயிருந்த பழைய கம்பிகளை முழுவதும் அகற்றிப் புதியன இட்டோம். பிள்ளைகள் நடமாடும் இடம் என்பதால் விளக்குகளை 12 வோல்ட்டுக்கு மாற்றினோம். 230 வோல்ட் மின்சாரம் பூட்டிய பெட்டிக்குள் மட்டும் இருக்கிறது. கம்பத்திற்கு நிலத்தொடர்பு கொடுத்து, மின்கசிவு ஏற்பட்டால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் கருவியையும் பொருத்தினோம். ஒரு முகத்தை வண்டிகளுக்கும், மற்றொன்றை மஞ்சளை விடுத்து நடப்போருக்கும் ஒதுக்கினோம்.

முதல் நாள் இரவு மின்சாரம் கொடுத்தோம். விளக்குகள் எரிந்தன; எல்லோரும் கைதட்டினோம். கைதட்டல் அடங்குமுன் மாணவன் ஒருவன், "ஐயா, ரெண்டும் பச்சை!" என்று கத்தினான். ஆம், வண்டிக்கும் பச்சை, நடப்போருக்கும் பச்சை. தகடு ஒன்றைச் சற்றே பிசகி மாட்டியிருந்தோம். திருப்புளி பிடித்தது நான்தான். நெடுஞ்சாலையில் அது நேர்ந்திருந்தால் என்னவாகியிருக்கும்! சிக்னலின் கடமை வழிவிடுவது என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். மோதக்கூடிய இருவருக்கு ஒரே நேரத்தில் வழிவிடாமல் இருப்பதே அதன் முதற்கடமை என்பதை அன்றிரவு கற்றேன். ஒரு பச்சைக்கும் அடுத்த பச்சைக்கும் இடையே எல்லாப் பக்கமும் சிவப்பாகச் சில நொடிகள் இருக்கும்படி தகடுகளைத் திருத்தினோம்.

எல்லோரையும் ஒருசேர நிறுத்தும் இந்தச் சில நொடிகளுக்குப் பின்னே ஒரு வரலாறு உண்டு. அது நம் இளைஞர்கள் அறியவேண்டிய வரலாறு.

உலகின் முதல் போக்குவரத்து சிக்னல் 1868 டிசம்பரில் இலண்டன் நாடாளுமன்றத்தின் அருகே நடப்பட்டது. இரயில்வேப் பொறியாளர் ஜே.பி. நைட் என்பவர் அமைத்தது. பகலில் கைகாட்டியும் இரவில் எரிவாயு விளக்கும் கொண்டது. 1869 ஜனவரியில் வாயு கசிந்து வெடித்ததில், அதை இயக்கிய காவலர் காயமுற்றார். பின்னர் 1914 ஆகஸ்டில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மின்விளக்கு சிக்னல் வந்தது. 1920-இல் டெட்ராய்ட் நகரக் காவல் அதிகாரி வில்லியம் பாட்ஸ் என்பவர் நான்கு திசைக்கும் மூன்று நிறம் காட்டும் விளக்கை அமைத்தார்.

அதே கிளீவ்லாந்தில் காரெட் மார்கன் என்னும் கறுப்பின மனிதர் வாழ்ந்தார். 1877-இல் கென்டக்கி மாநிலத்தில், அடிமைப்பட்டிருந்த மக்களின் மரபில் பிறந்தவர். தொடக்கப் பள்ளியோடு படிப்பு நின்றது. பதின்ம வயதில் வேலை தேடி வீட்டைவிட்டு வெளியேறியவர், சம்பாதித்த சிறு கூலியில் ஓர் ஆசிரியரை அமர்த்திக்கொண்டு படித்தார். இந்த ஒரு செய்திக்காகவே நம் மாலை வகுப்பின் சுவரில் அவர் படத்தை மாட்டலாம். பின்பு கிளீவ்லாந்தில் தையல் இயந்திரத் தொழிலகத்தில் எளிய வேலையில் சேர்ந்து, இயந்திரங்களைப் பழுது பார்க்கக் கற்று, 1907-இல் சொந்தமாகக் கடை திறந்தார். புகையிலும் நச்சுக் காற்றிலும் மூச்சுவிட உதவும் பாதுகாப்பு முகமூடி ஒன்றைக் கண்டுபிடித்தார். கறுப்பர் செய்த பொருள் என்று தெரிந்தால் வாங்கமாட்டார்கள் என்பதற்காக, வெள்ளையர் ஒருவரைக் கண்டுபிடிப்பாளராக முன்னிறுத்தியே அதை விற்கவேண்டியிருந்தது. 1916-இல் ஈரி ஏரியின் அடியில் தோண்டிய சுரங்கத்தில் வெடிவிபத்து நேர்ந்தபோது, அந்த முகமூடியை அணிந்து தம் உடன்பிறந்தவருடன் இறங்கிச் சிலரை மீட்டார். அச்செயலுக்கு உரிய சிறப்பை அன்று பிறர் பெற்றனர், அவர் பெறவில்லை.

1923 நவம்பர் 20-ஆம் நாள் போக்குவரத்து சிக்னல் ஒன்றுக்கு அவர் காப்புரிமை பெற்றார். முதல் சிக்னலைச் செய்தவர் அவரே என்று சிலர் சொல்வது சரியன்று. நம்மவர் போன்றவர் என்பதற்காக இல்லாததைச் சேர்த்துக் கூறவேண்டா. உள்ளதே போதும். 'நில்', 'செல்' என்னும் இரு நிலைகளோடு எல்லாத் திசைகளையும் ஒருசேர நிறுத்தும் மூன்றாம் நிலையையும் அவர் தம் கருவியில் அமைத்தார். அந்த இடைவேளையில் நடந்து செல்வோர் கடக்கலாம். வண்டி இல்லாதவனையும் கணக்கில் கொண்ட சிந்தனை அது.

அதே காலத்தில் நம் நாட்டுச் சாலைகள் எந்நிலையில் இருந்தன? அயோத்தி, காசி வரை போகவேண்டா. அண்டையிலுள்ள திருவிதாங்கூரைப் பாருங்கள். 1893-இல் அய்யன்காளி, ஒடுக்கப்பட்டோருக்கு மறுக்கப்பட்ட பொதுச்சாலையில் வில்லுவண்டி ஏறிச் சென்றார். சாலையில் சென்றவர் அடுத்துப் பள்ளிக்கூட வாயிலைத் தட்டினார். 1924 மார்ச் 30-இல் வைக்கம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் தொடங்கியது. தீண்டப்படாதார் இதற்கு அப்பால் வரக்கூடாது என்னும் அறிவிப்புப் பலகையை நோக்கி முதல் நாள் மூவர் நடந்தனர். அவர்களுள் குஞ்ஞாப்பி என்பவர் புலையர் குலத்தவர். 1925-இல் போராட்டம் முடிந்தபோதும் கிழக்குத் தெரு நம்மவர்க்குத் திறக்கவில்லை. இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி. ராஜாவும் உறுப்பினராக இருந்த சென்னைச் சட்டமன்றம், பொதுச்சாலைகளும் கிணறுகளும் எல்லார்க்கும் உரியவை என்று தீர்மானம் கொண்டதும் அதே 1924-இல்தான். என் பாட்டனார் அதன் பின்னும் நெடுங்காலம், ஊர்த் தெருவில் செருப்பைக் கையில் ஏந்திச் சென்றவர்.

அன்பர்களே! வைக்கத்துப் பலகையும் ஒரு சிக்னல்தான். 'நில்' என்றது. ஆனால் யாரை நிறுத்தியது? பிறப்பைப் பார்த்து நிறுத்தியது. எத்தனை நாழிகை காத்திருந்தாலும் அதில் பச்சை வராது. நாற்சந்தி விளக்கும் 'நில்' என்கிறது. அதிகாரியின் காரையும் கூலியாளின் மிதிவண்டியையும் ஒரே சொல்லால் நிறுத்துகிறது. பின் முறைவைத்து வழிவிடுகிறது. பாபாசாகேப் அம்பேத்கர் தலைமையில் வரைவு பெற்ற நம் அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, கிணறு, குளம், சாலை என்று பெயர் சொல்லியே அவற்றைப் பயன்படுத்தும் உரிமையைக் கூறுகிறது. சாலை என்ற சொல் அங்கே ஏன் வந்தது என்பதை, செருப்பைக் கையில் ஏந்திய பாட்டன்மாரின் பேரப் பிள்ளைகளாகிய நாம் மறக்கலாகாது.

ஆனால் ஒன்று. விளக்கு நடுநிலையானது என்று சொல்லி நான் அமர்ந்துவிட்டால் பாதி உண்மையைத்தான் சொன்னவனாவேன். விளக்குக்கு நொடிகளை அளந்து கொடுப்பவர் மனிதர். அதை எங்கள் மைதானத்திலேயே கண்டோம். சுண்ணாம்பால் 7 மீட்டர் அகலச் சாலை ஒன்றை வரைந்தோம். நடப்போர் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பர் என்பது பொறியாளர்கள் பொதுவாகக் கொள்ளும் கணக்கு. அதன்படி 6 நொடி போதும். அவ்வாறே வைத்தோம். முதல் வகுப்புப் பிள்ளைகளை நடக்கவிட்டோம். பை தோளில், தங்கை கையில், ஒருவன் செருப்பு கழன்றது. சாலை நடுவில் இருக்கும்போதே விளக்கு சிவப்பாகிவிட்டது. மாணவர்களே கடிகாரம் வைத்து அளந்தார்கள். 10 நொடி ஆயிற்று. நாங்கள் 12 வைத்தோம். கணக்குப் புத்தகத்தின் மனிதனுக்குப் பையும் இல்லை, தங்கையும் இல்லை. நம் பிள்ளையை எண்ணத் தெரிந்தவர் அளவிடும் இடத்தில் இல்லையென்றால், நம் பிள்ளைக்கு உரிய நொடி விளக்கில் இராது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் நிறைவேற்றி, குழி தோண்டி, கான்கிரீட் இட்டு, அது இறுகும்வரை காத்திருந்து கம்பத்தை நிறுத்தினோம். பொதுச்சாலையில் நாமாக ஒரு சிக்னலை நடுவது சட்டப்படி கூடாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் அந்த அதிகாரத்தை உரியவர்க்கே அளித்திருக்கிறது. ஆகவே மைதானத்துக்குள்ளேயே வைத்தோம். கால் முறிந்து மீண்டு வந்த அந்த மாணவியே முதன்முதலில் விசையைப் போட்டாள். இன்று ஊர்ப் பிள்ளையும் நம் பிள்ளையும் அங்கே மாறி மாறி லாரியாகிறார்கள், பேருந்தாகிறார்கள், நடப்போராகிறார்கள். லாரியாக ஓடிய பிள்ளை மறுமுறை நடந்து கடக்கும்போது அவன் முகத்தில் ஒரு மாற்றத்தைக் காண்கிறேன்.

பிறகு மீண்டும் விண்ணப்பம் எழுதினோம். இம்முறை 'ஐயா அவர்கள் கருணை கூர்ந்து' என்று எழுதவில்லை. காலையிலும் மாலையிலும் எத்தனை வண்டிகள் செல்கின்றன, எத்தனை பிள்ளைகள் கடக்கிறார்கள், கடக்க எத்தனை நொடி ஆகிறது என்று கழகத்து இளைஞர்கள் இரு வாரம் எண்ணி எழுதிய பட்டியலை இணைத்தோம். கிராம சபையிலும் வைத்தோம். சாலையில் கோடுகள் போடப்பட்டன. வேகத்தடைப் பட்டைகள் வந்தன. பள்ளி தொடங்கும் வேளையில் காவலர் ஒருவர் நிற்கிறார். சிக்னல் இன்னும் வரவில்லை. ஆகவே பட்டியல் எழுதுவதை நிறுத்தவில்லை. சேராமல் நின்ற சிறுவர்கள் இப்போது பள்ளியில் இருக்கிறார்கள்.

இளைஞர்களே! உங்களிடம் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். முதலாவது: கைத்தொழிலைத் தாழ்வாக எண்ணாதீர்கள். அந்தப் பெட்டியைத் திறந்து படித்தவர் ஐ.டி.ஐ. இளைஞர், பட்டம் பெற்ற நான் அல்லன். இரண்டாவது: கோரிக்கையை எண்ணிக்கையோடு எழுதுங்கள். கண்ணீரைத் தள்ளிவைப்பவரும் கணக்குக்கு விடை சொல்லியாகவேண்டும். மூன்றாவது: பொறியியலும் சட்டமும் நகரமைப்பும் படியுங்கள். சாலையை வரையும் மேசையருகே, நொடியை அளக்கும் மேசையருகே, நம்மவர் சிலரேனும் அமரவேண்டும். அதற்காக உழைப்பதே இக்கழகத்தின் அடுத்த கால் நூற்றாண்டுப் பணியாகட்டும்.

கழகம் மேன்மேலும் வளர்ந்து பொன்விழாக் காண்க!